தோட்டத்து வாசிகசாலைக் கணினி: பழைய பெட்டியை எழுப்பி, டேட்டா செலவில்லாமல் கோப்பு பகிர முழு வழிகாட்டி

ஒரு மணி நேரப் பாட வீடியோ ஏறத்தாழ 300 எம்பி. அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டால், க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கும் நாற்பது பிள்ளைகளின் போனும் தனித்தனியே அந்த 300 எம்பியை இழுக்கும். மொத்தம் 12 ஜிபி. நாற்பது பேரும் இருப்பது ஒரே தேயிலைத் தோட்டத்தில், பெரும்பாலும் ஒரே டிவிஷனில். மேல் லயத்தில், அதாவது மேட்டு வரிசை வீடுகளில், சிக்னல் இரண்டு கோடு, பள்ளத்து லயத்தில் அதுவும் இல்லை. ரீலோட் போட்ட காசு முடிந்த பிறகும் வீடியோ முக்கால்வாசியில் நிற்கும்.

வாசிகசாலையிலோ சனசமூக நிலையத்திலோ தூசு பிடித்துக் கிடக்கும் ஒரு பழைய கணினியும், யாரோ கைவிட்ட ஒரு ரவுட்டரும் இருந்தால் அதே 12 ஜிபியை முக்கால் மணி நேரத்தில், ஒரு ரூபாய் டேட்டா இல்லாமல் நாற்பது போனுக்கும் கொடுத்துவிடலாம். ரவுட்டருக்கு சிம் வேண்டாம், இணைப்பும் வேண்டாம். இணையம் இல்லாவிட்டால் வைஃபை வேலை செய்யாது என்று நினைப்பவர்கள் ஏராளம். வைஃபை என்பது அருகிலிருக்கும் கருவிகளைக் கோர்ப்பது மட்டும்தான். இணையம் அதன் மேல் ஏறி வரும் வேறொரு சரக்கு.

விண்டோஸா, இலவச இயங்குதளமான லினக்ஸா என்ற வாக்குவாதத்துக்கு இதில் நாம் கொடுக்கும் இடம் சிறியது. கோப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது, எந்த எழுத்துருவில் தட்டப்பட்டது, பென் டிரைவ் எப்படிப் போர்மட் செய்யப்பட்டது என்ற மூன்றும் சரியாக இருந்தால் எந்த இயங்குதளத்திலும் காரியம் நடக்கும். அவை பிழைத்தால் புத்தம் புதுக் கணினியும் உதவாது.

பெட்டியைத் திறந்து பாருங்கள்

அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல், எச்பி மேசைக் கணினிகள்தான் நம் பக்கம் அதிகம் வந்து சேர்கின்றன. கோர் 2 டுவோ முதல் நான்காம் தலைமுறை ஐ3 வரை எதுவானாலும் இந்த வேலைக்குப் போதும். பென்டியம் 4 என்றால் அதில் காசு போடாதீர்கள். அது உறிஞ்சும் மின்சாரத்துக்கும் தரும் வேகத்துக்கும் பொருத்தமில்லை.

முதலில் பிளக்கைச் சொக்கெட்டிலிருந்து கழற்றி, பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்னூட்டம் இறங்கிவிடும். பிறகு மூடியைத் திறந்து, பெயின்ட் பிரஷ் கொண்டு தூசைத் தட்டுங்கள். விசிறியைச் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பவர் சப்ளையின் காற்றோட்டத் துளைகளையும் பாருங்கள். குளிருக்கு இதம் தேடிப் பல்லியும் எறும்பும் அதற்குள் குடியேறுவது மலைநாட்டில் சாதாரணம். செத்த பல்லி ஒன்று இரண்டு முனைகளுக்குக் குறுக்கே கிடந்தால் போதும், சப்ளை கருகிவிடும்.

பவர் போட்டதும் பீப் பீப் என்று கத்திவிட்டுத் திரையில் எதுவும் வராவிட்டால் பெரும்பாலும் ரேம்தான். கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைச் சாதாரண அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, இரு பக்கமும் கிளிக் என்று பூட்டும்வரை அழுத்துங்கள். ஈரப்பதத்தில் பற்களில் படியும் மெல்லிய படலமே இதற்குக் காரணம். பாதிப் பெட்டிகள் இந்த ஒரு வைத்தியத்திலேயே எழுந்துவிடும்.

அடுத்து மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி. எண் 2032, 3 வோல்ட், கடிகாரக் கடைகளில்கூடக் கிடைக்கும். இது செத்திருந்தால் ஒவ்வொரு முறையும் திகதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். அப்போது பிரவுசர் எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பற்றது என்று மறுக்கும், ஏனென்றால் தளத்தின் சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒன்றாக அதற்குத் தெரியும். இதை வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மறுபடி போடுபவர்கள் உண்டு. பேட்டரியை மாற்றி, நேரத்தைத் திருத்தினால் முடிந்தது.

செலவு செய்வதாக இருந்தால் வரிசை இதுதான்: முதலில் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம்), பிறகு ரேமை 4 ஜிபியாக்குவது. 120 ஜிபியும் போதும், ஆனால் வீடியோ சேரும்போது இடம் நெருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இயங்குதளத்தை வைத்துக்கொண்டு ரேமை மட்டும் கூட்டினால் வித்தியாசம் கொஞ்சம்தான் தெரியும். ரேம் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். டிடிஆர்2, டிடிஆர்3 என்ற இரண்டு ரேம் வகைகளுக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், மாறிப் பொருந்தாது. மடிக்கணினி ரேம் மேசைக் கணினியில் ஏறாது.

இயங்குதளம்: எதைப் போடுவது

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. குரோம் 109 தான் அதில் ஓடும் கடைசிப் பதிப்பு. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14 கடைசி நாள். நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்த வீட்டுப் பாவனையாளருக்கும் 2026 ஒக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை இன்டெல்லுக்கு மேற்பட்ட செயலியும். அந்தத் தடையைத் தாண்டிப் போடும் குறுக்குவழிகள் இருக்கின்றன. ஆனால் 24எச்2 பதிப்பு முதல் அது கேட்கும் சில செயலிக் கட்டளைகள் கோர் 2 டுவோவில் இல்லவே இல்லை, விண்டோஸ் எழவே எழாது.

திருட்டு விண்டோஸை அக்டிவேட்டர் போட்டு ஓட்டுவதைப் பற்றி: அந்த அக்டிவேட்டரைப் போடுவதற்கு முதல் வேலையாக அன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லோருடைய பென் டிரைவும் வந்து குத்தும் ஒரு கணினியில், காவலை நிறுத்திவிட்டு முகம் தெரியாத ஒருவர் எழுதிய மென்பொருளுக்கு முழு அதிகாரம் கொடுப்பது சரியான வேலை அல்ல.

ஆகவே நம் பரிந்துரை லினக்ஸ் மின்ட், அதிலும் பழைய கணினிக்கு இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 22 ஆம் தொடர் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பின் மேல் கட்டப்பட்டது, 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். குறைந்தது 2 ஜிபி ரேம், வசதிக்கு 4 ஜிபி. விண்டோஸ் பழகியவருக்கு மெனு கீழே இடப்பக்கத்தில், மூடும் பட்டன் மேலே வலப்பக்கத்தில். அரை மணி நேரத்தில் கை பழகிவிடும். கண்டி ஹந்தானை மலையின் பேரைத் தாங்கி, ஃபெடோரா என்ற லினக்ஸை வைத்து இலங்கையிலேயே ஆக்கிய ஹந்தான லினக்ஸ் என்றொரு பதிப்பும் இருந்தது. ஆனால் ஊருக்குப் பொதுவான கணினிக்குப் பாவனையாளர் அதிகமுள்ள பதிப்பே நல்லது. பிழை வந்தால் விடை தேடுவது சுலபம்.

விண்டோஸை விட முடியாத இடங்களும் உண்டு. கணக்கு மென்பொருள் ஒன்று விண்டோஸில் மட்டும் ஓடலாம். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த பழைய விழா மலர் வேலைகள் இருக்கலாம். பிரின்டர் இன்னொன்று: கொமியூனிகேஷன் கடைகளில் நிறையக் காணும் கெனன் எல்பிபி 2900 லினக்ஸில் பெரிய தலைவலி. எச்பி லேசர் பெரும்பாலும் செருகியவுடன் அச்சடிக்கும். எப்சன் எல் வரிசை சிறு டிரைவரோடு ஓடும். கையில் இருப்பது கெனன் 2900 என்றால், அச்சுக்கென்று ஒரு விண்டோஸ் கணினியை இணையத்தில் இணைக்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவும் படிகள்

மின்டை நிறுவத் தேவையான ஐஎஸ்ஓ கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. இரவுநேர டேட்டா உள்ள பேக்கேஜ் யாரிடமாவது இருந்தால் நள்ளிரவுக்குப் பின் இறக்குங்கள். நேரடி இறக்கத்தைவிட டொரன்ட் வழி நம் பக்கத்துக்கு நல்லது. கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், இறங்கிய ஒவ்வொரு துண்டையும் தானே சரிபார்க்கும். நேரடியாக இறக்கினால் மின்ட் தளத்தில் தந்திருக்கும், கோப்பின் கைரேகை போன்ற ஷா 256 எண்ணோடு கட்டாயம் ஒப்பிட வேண்டும். பழுதான ஐஎஸ்ஓவால் நிறுவல் பாதியில் முறியும்.

8 ஜிபி பென் டிரைவில் வென்டாய் என்ற மென்பொருளை ஒருமுறை ஏற்றினால் போதும்; அதன்பின் ஐஎஸ்ஓவைச் சாதாரணக் கோப்பு போலப் பிரதி பண்ணலாம், பல இயங்குதளங்களை ஒரே டிரைவில் வைக்கலாம். வென்டாய் ஏற்றும்போது டிரைவில் உள்ளதெல்லாம் அழியும்.

டிரைவைச் செருகிக் கணினியைப் போட்டதும் பூட் மெனு விசையை விட்டு விட்டு அழுத்துங்கள். டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 அல்லது எஸ்கேப், அசுஸ் மதர்போர்டு என்றால் எஃப்8. மின்ட் எதையும் நிறுவாமலே முழுதாகத் திறக்கும். அவசரப்படாமல் இந்த நிலையிலேயே சத்தம், திரை அளவு, வைஃபை, பிரின்டர் நான்கையும் சோதியுங்கள். வைஃபை மட்டும் காணாவிட்டால் ப்ரோட்கொம் சில்லாக இருக்கலாம். கேபிள் போட்டு இணையம் கொடுத்து, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் வேண்டியதை அது காட்டும்.

எல்லாம் சரியென்றால் திரையில் உள்ள நிறுவு ஐகனை இரட்டைச் சொடுக்குங்கள். பழைய கோப்புகள் வேண்டாமென்றால் முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவும் தெரிவு சுத்தமானது. விண்டோஸும் இருக்க வேண்டுமென்றால் அருகருகே நிறுவும் தெரிவு. ஆனால் அதற்கு முன் விண்டோஸில் பவர் செட்டிங்ஸுக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தாவிட்டால் விண்டோஸ் உண்மையில் அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும், லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியைத் திறந்தால் வாசிக்க மட்டுமே விடும். நேர வலயம் கொழும்பு. மல்டிமீடியா கோடெக் பெட்டியில் டிக் போட்டால் வீடியோக்கள் தடையில்லாமல் ஓடும். அதற்கு இணையம் வேண்டும்.

முடிந்ததும் மூன்று வேலை. டைம்ஷிஃப்டைத் திறந்து ஒரு படப்பிடி எடுங்கள். நாளை யாராவது எதையாவது குழப்பினால் பத்து நிமிடத்தில் இன்றைய நிலைக்குத் திரும்பலாம். அது இயங்குதளத்தை மட்டுமே காக்கும், உங்கள் கோப்புகளை அல்ல. அடுத்து, பிள்ளைகளுக்கென்று நிர்வாக அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு. மூன்றாவது, அப்டேட் மேனேஜரில் அருகிலுள்ள வேகமான மிரரை (திருத்தங்களின் பிரதி வைத்திருக்கும் சேவரை) தெரிவது.

பாமினியை விட்டு வெளியே வருதல்

தோட்டப் பாடசாலைகளிலும் சங்க அலுவலகங்களிலும் இருக்கும் பழைய தமிழ் ஆவணங்களில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. பாமினியில் கணினிக்குள் பதிவாவது தமிழே அல்ல, ஆங்கில விசைகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுகிறது. மெய்யெழுத்தின் புள்ளிகூட அரைப்புள்ளி விசையாகத்தான் பதிவாகும். பாமினி இல்லாத போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை தெரிவது அதனால்தான். வேர்டு கோப்பைக் குழுவில் போட்டுவிட்டு ஒருவருக்கும் திறக்கவில்லை என்று போன் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

வாசிக்க மட்டும் கொடுப்பதானால் தீர்வு சுலபம்: பாமினி உள்ள கணினியிலேயே பிடிஎஃப் ஆக்குங்கள். எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும், எந்தப் போனிலும் தெளிவாகத் தெரியும். ஆனால் அந்தப் பிடிஎஃபில் ஒரு சொல்லைத் தேட முடியாது, பிரதி எடுத்து ஒட்டினாலும் குப்பைதான் வரும்.

திருத்த வேண்டியவை, காலாகாலம் வைக்க வேண்டியவை எல்லாவற்றையும், எந்தக் கருவியும் தமிழாகவே படிக்கும் யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றித் தரும் இலவசப் பக்கங்கள் பல இருக்கின்றன. பெரும்பாலானவற்றைப் பிரவுசரில் சேமித்து இணையம் இல்லாமலே ஓட்டலாம். மாற்றும்போது அதிகம் நடக்கும் பிழை இது: ஆவணத்தின் நடுவில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் மாற்றி, அவற்றை அர்த்தமில்லாத தமிழாக்கிவிடும். ஆகவே முழு ஆவணத்தையும் ஒரே மூச்சில் போடாதீர்கள். லிப்ரே ஆபீஸில் தேடி மாற்றும் பெட்டியைத் திறந்து, எழுத்துரு என்ற தெரிவில் பாமினியைக் கொடுத்தால் பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் தெரிந்து காட்டும். அவற்றைப் பந்தி பந்தியாக மாற்றி ஒட்டுங்கள். அட்டவணைகளைக் கட்டம் கட்டமாகத்தான் செய்ய வேண்டும், குறுக்குவழி கிடையாது. கடைசியில் கொ, கோ, கௌ வரும் சொற்களை மட்டும் ஒரு தடவை கண்ணால் ஓட்டுங்கள். கொம்பும் காலும் பிரிந்து நிற்பது அங்கேதான்.

தட்டச்சுக்கு, சொஃப்ட்வெயார் மேனேஜரில் ஐபஸ் எம்17என் என்ற பொதியை நிறுவி, உள்ளீட்டு முறை அமைப்பில் ஐபஸைத் தெரிந்து, ஒருமுறை வெளியேறித் திரும்ப உள்நுழையுங்கள். தமிழுக்குக் கீழே ரெங்கநாதன், தமிழ்99, டைப்ரைட்டர், ஃபொனெடிக் என்ற விசைப்பலகை அமைப்புகள் எல்லாம் இருக்கும். பாமினியில் கை பழகியவருக்குத் தட்டச்சுப் பொறி வழி வந்த ரெங்கநாதன் அமைப்பு நெருக்கமானது. இலங்கையின் தமிழ் விசைப்பலகைத் தரமும் அதுவே. புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்குத் தமிழ்99 கற்றுக்கொடுங்கள், புள்ளிகளில் பலவற்றை அது தானே வைக்கும். ஆங்கில ஒலி வழியே தட்டும் ஃபொனெடிக் முறை அவசரத்துக்குச் சரி. பக்கம் பக்கமாகத் தட்ட வேண்டியவருக்கு விசைகள் வீணாகும்.

பென் டிரைவ்

எஃப்ஏடி32 என்ற போர்மட்டில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. டிரைவில் 20 ஜிபி இடம் இருந்தும் இடமில்லை என்று வந்தால் காரணம் இது. என்டிஎஃப்எஸ் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் நல்லது, பல அன்ட்ராய்ட் போன்கள் அதை வாசிக்காது. எக்ஸ்ஃபாட் மூன்று பக்கமும் ஓடும். அதன் வரையறையை மைக்ரோசொஃப்ட் 2019 இல் வெளியிட்ட பிறகு லினக்ஸும் அதை நேரடியாகவே ஏற்றுக்கொண்டது. பொதுப் பாவனை டிரைவுகளை எக்ஸ்ஃபாட் ஆக்குங்கள். பழைய டிவியிலோ டிவிடி பிளேயரிலோ போட வேண்டியதை மட்டும் எஃப்ஏடி32 இல் விடுங்கள்.

எக்ஸ்ஃபாடின் பலவீனம், எழுதும் நடுவில் பிடுங்கினால் முழு டிரைவின் அட்டவணையும் கெடலாம் என்பது. லினக்ஸில் இது கூடுதல் ஆபத்து. பிரதியாகும் பட்டை நிறைந்த பிறகும் தரவு ரேமில் இருந்து டிரைவுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வெளியேற்று பட்டனை அழுத்தி, எடுக்கலாம் என்று செய்தி வரும்வரை கை வைக்க வேண்டாம்.

டவுனில் மலிவாகக் கிடைக்கும் 1 டிபி பென் டிரைவுகள் பெரும்பாலும் பொய். உள்ளே 16 அல்லது 32 ஜிபிதான் இருக்கும். அளவு தாண்டியதும் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். கோப்பின் பேர் தெரியும், திறந்தால் திறக்காது. வாங்கிய அன்றே லினக்ஸில் எஃப்3, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ கொண்டு முழுதாக நிரப்பிச் சோதித்து, பொய்யென்றால் பில்லோடு திருப்பிக் கொடுங்கள்.

கோப்புறைகள் எல்லாம் ஷோர்ட்கட் ஆகிவிட்ட டிரைவு வந்தால் பயப்படத் தேவையில்லை. அந்த வைரஸ் உண்மையான கோப்புகளை மறைத்துவிட்டு மேலே போலிகளை வைக்கிறது. மின்டில் செருகினால் மறைத்தவையும் சாதாரணமாகவே தெரியும். வேண்டிய ஆவணங்களை மட்டும் பிரதி எடுத்து, டிரைவைப் போர்மட் செய்து, திருப்பிப் போடுங்கள். எக்ஸ்ஈ, விபிஎஸ், எல்என்கே என்று முடியும் எதையும் கூடவே தூக்கி வர வேண்டாம்.

வைஃபை வழி: இதுதான் மையம்

ரவுட்டரையும் கணினியையும் கேபிளால் இணையுங்கள். கணினியும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பைட்டும் காற்றில் இரண்டு முறை போகும், கணினியிலிருந்து ரவுட்டருக்கு ஒன்று, ரவுட்டரிலிருந்து போனுக்கு ஒன்று. வேகம் பாதியாகும். ஐந்து மீட்டர் கேபிள் இந்தப் பாதியை மீட்டுத் தரும்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறங்கள். ஹுவாவி என்றால் 192.168.8.1, டிபி லிங்க் என்றால் பெரும்பாலும் 192.168.0.1. சரியான முகவரியும் கடவுச்சொல்லும் அடியில் ஒட்டியிருக்கும். செய்ய வேண்டியவை: வைஃபைக்கு விளங்கும் ஒரு பேர், டபிள்யூபிஏ2 பாதுகாப்பு, சனல் 1, 6, 11 இல் ஒன்று, போன்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபி இயக்கத்தில். பிறகு கணினிக்கு மாறாத முகவரி ஒன்றை ஒதுக்குங்கள், உதாரணமாக 192.168.8.10. ஏபி ஐசொலேஷன் என்ற தெரிவு நிறுத்தப்பட்டிருக்க வேண்டும், கெஸ்ட் வைஃபையைப் பாவிக்கக் கூடாது. இரண்டும் கருவிகளை ஒன்றையொன்று பார்க்க விடாது. லயக் காம்பராக்களின் கருங்கல் சுவரைத் தாண்டிப் போக 5 கிகாஹேர்ட்ஸ் திணறும், 2.4 பரவாயில்லை. ஆனாலும் எதிர்பார்ப்பை வாசிகசாலைக் கட்டடத்துக்கும் முற்றத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

2.4 இல் சாதாரணப் போனுக்குக் கிடைக்கும் உண்மை வேகம் விநாடிக்கு 4 முதல் 5 எம்பி. இது எல்லோருக்கும் சேர்த்து. பத்துப் பேர் ஒரே நேரத்தில் 300 எம்பி வீடியோவை எடுத்தால் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும்.

இப்போது கோப்புகளை எப்படிக் கொடுப்பது. போன்களுக்கு மிகச் சிறந்த வழி, கணினியில் ஒரு சிறிய வலைச் சேவர், அதாவது கோப்புகளைப் போனின் பிரவுசருக்குக் கொடுக்கும் மென்பொருள். பிள்ளைகள் எந்த ஆப்பும் நிறுவ வேண்டியதில்லை, எதையும் அழிக்கவும் முடியாது. பைதன் என்ற நிரல்மொழியோடு ஒரே வரிக் கட்டளையில் ஓடும் சேவர் ஒன்று வருகிறது. உயர்தரத் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்கும். ஆனால் விட்ட இடத்திலிருந்து இறக்கத்தைத் தொடர அது விடாது, வீடியோவை நடுவிலிருந்து பார்க்கவும் விடாது. அப்பாச்சி என்ற சேவர் இரண்டையும் செய்யும். சொஃப்ட்வெயார் மேனேஜரில் அப்பாச்சி2 என்று தேடி நிறுவுங்கள். கோப்பு மேனேஜரில் வார், அதற்குள் டபிள்யூடபிள்யூடபிள்யூ, அதற்குள் எச்டிஎம்எல் (/var/www/html) என்ற கோப்புறைக்குப் போய், வலச் சொடுக்கில் ரூட் (நிர்வாகி) ஆகத் திற என்பதைத் தெரியுங்கள். அங்கிருக்கும் இன்டெக்ஸ் கோப்பின் பேரை மாற்றிவிட்டால், நீங்கள் போடும் கோப்புறைகள் பட்டியலாகத் தெரியும். அனுமதி இல்லை என்று 403 பிழை வந்தால், அந்தக் கோப்பின் பண்புகளில் மற்றவர் வாசிக்கலாம் என்பதைக் கொடுங்கள்.

போனில் முகவரியை எச்டிடிபி என்ற முன்னொட்டோடு முழுதாகத் தட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் குரோம் பாதுகாப்பு இணைப்பைத் தேடி முனகும். இன்னும் நல்லது, முகவரியை ஒரு கியூஆர் குறியாக்கி அச்சடித்துச் சுவரில் ஒட்டுவது. அதற்குக் கீழே பெரிதாக எழுத வேண்டிய வரி: மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு வாருங்கள். இணையமில்லாத வைஃபையைக் கண்டதும் அன்ட்ராய்ட் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும், பக்கம் திறக்காது. இணையம் இல்லை, இணைந்தே இருக்கவா என்று கேட்டால் ஆம் சொல்ல வேண்டும். பக்கம் திறக்கவில்லை என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுவே.

போனிலிருந்து கணினிக்கு அனுப்ப லோக்கல்செண்ட் என்ற ஆப். விண்டோஸ், லினக்ஸ், அன்ட்ராய்ட், ஐபோன் நான்கிலும் ஓடும், விளம்பரம் கிடையாது. ஒன்றையொன்று காணாவிட்டால் கணினியின் ஃபயர்வோலில் 53317 என்ற வாயிலைத் திறங்கள், டிசிபியும் யுடிபியும்.

விண்டோஸ் கணினிகளுக்கிடையே கோப்புறை பகிரும்போது சிக்கும் இடங்கள்: நெட்வொர்க் வகை பிரைவட் ஆக இருக்க வேண்டும். பகிரும் கணினியில் கடவுச்சொல் உள்ள ஒரு லோக்கல் கணக்கு வேண்டும். பின் நம்பர் வலை வழியே செல்லாது, கடவுச்சொல் இல்லாத கணக்கையும் மறுத்துவிடும். விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2 இலிருந்து கடவுச்சொல் கேட்காத விருந்தாளி வழியும் அடைபட்டது. விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்றுக்காக எஸ்எம்பி1 என்ற பழைய பகிர்வு முறையை இயக்காதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல் பரவியது அந்த ஓட்டை வழியேதான். எக்ஸ்பிக்குப் பென் டிரைவ் போதும்.

என்ன போடுவது, எப்படிப் பேர் வைப்பது

கல்வி அமைச்சின் கற்றல் தளமான ஈ-தக்சலாவ, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல் பிடிஎஃப்கள், நூலகம் தளத்தில் உள்ள மலையக வெளியீடுகள், இணையமில்லாமல் வாசிக்க உதவும் கிவிக்ஸ் வழியே முழுத் தமிழ் விக்கிப்பீடியா. ஒருமுறை இறக்கினால் போதும். சினிமாப் பிரதிகளைச் சேர்க்க வேண்டாம். சட்டப் பிரச்சினை ஒருபுறம், டிஸ்க் ஒரே மாதத்தில் நிறைந்துவிடும்.

கோப்புறைப் பேர் தமிழில் இருக்கலாம், ஆனால் முன்னால் எண் போடுங்கள்: 10-கணிதம்-2023-பகுதி2 என்பதுபோல. தரம் முதலில் வந்தால் வரிசை தானாக அமையும். கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு மூன்றும் பேரில் வரக்கூடாது. லினக்ஸ் சிலவற்றை ஏற்கும், விண்டோஸ் ஏற்காது.

வினாத்தாள் ஸ்கேன் செய்யும்போது 200 டிபிஐ, கறுப்பு வெள்ளைச் சாயலில் எடுங்கள். 300 இல் வண்ணமாக எடுத்தால் கோப்பு பல மடங்கு பருக்கும், வாசிப்பில் வித்தியாசம் இல்லை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிக் கெடுக்கும், டொக்கியுமென்ட் ஆக அனுப்புங்கள். வீடியோவை ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் 480பி, எச்.264, தரம் 26 முதல் 28, ஒலி மோனோ 64 கேபிபிஎஸ் என்று மாற்றுங்கள். எச்.265 இன்னும் சிறிதாகும், ஆனால் மலிவுப் போன்களில் திக்கித் திக்கி ஓடும்.

இடி, ஈரம், பிரதி

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் தாண்டினால் இடி. சுவிட்சை அணைப்பது போதாது. பிளக், தொலைபேசிக் கம்பி, வெளியே போகும் நெட்வொர்க் கேபிள் மூன்றையும் கழற்ற வேண்டும். பல ரவுட்டர்கள் சாவது மின்கம்பி வழியால் அல்ல, தொலைபேசிக் கம்பி வழியால். சொக்கெட்டில் எர்த் உண்மையில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒருமுறை பாருங்கள். பழைய கட்டடங்களில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் கம்பி இருக்காது.

யூபிஎஸ் இருந்தால் அதில் கணினியையும் ரவுட்டரையும் மட்டும் போடுங்கள், லேசர் பிரின்டரைப் போடக் கூடாது. அது சூடாகும் நொடியில் இழுக்கும் சுமையை யூபிஎஸ் தாங்காது. உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் ஓயும், அதை மட்டும் மாற்றலாம். கரண்ட் வந்து வந்து போகும் நாட்களுக்காக, பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) மின்சாரம் திரும்பியதும் தானாக எழும் தெரிவை நிறுத்தி வையுங்கள்.

ஈரத்துக்கு மருந்து பாவனைதான். மஸ்கெலியா, ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் தென்மேற்குப் பருவ மழையில் வாரத்துக்கு இரண்டு முறையாவது ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். உள்ளே வரும் சூடே பலகையை உலர்த்தும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு இது மார்கழி, தை மாத வேலை. அணைத்த உடனே பொலித்தீன் போட்டு மூடினால் அந்தச் சூட்டில் எழும் ஈரம் நீராகி உள்ளேயே படியும். துணியால் மூடுங்கள்.

பிரதி இரண்டு வேண்டும், இரண்டும் வெளி ஹார்ட் டிஸ்க்கில். ஒன்று வாசிகசாலை அலுமாரியில், மற்றது வேறொரு கட்டடத்தில், உதாரணமாகப் பாடசாலையில். பென் டிரைவைப் பிரதிக்கு நம்ப வேண்டாம். வருடக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் உள்ளதை இழக்கலாம். மின்டில் உள்ள பேக்கப் கருவியிலோ ஃப்ரீஃபைல்சின்க்கிலோ மாதம் ஒருமுறை ஓட்டுங்கள். ஓட்டிய பின் பிரதியிலிருந்து ஏதாவது ஒரு வீடியோவையும் ஒரு பிடிஎஃபையும் வேறு கணினியில் திறந்து பாருங்கள். திகதியையும் பார்த்தவர் பேரையும் டிஸ்க்கின் மேல் ஒட்டிய தாளில் எழுதி வையுங்கள்.